ஆங்கிலம் எந்த வேலையை முதலில் இழக்கும்?

கேள்வி இதுதான்: இன்னும் ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு ஆங்கிலம் உலகப் பொதுமொழியாக நீடிக்குமா? சீனமோ வேறொரு மொழியோ அந்த இடத்துக்கு வந்துவிடுமா? மொழிபெயர்ப்புக் கருவிகள் இவ்வளவு வளர்ந்த பிறகு பொதுமொழி என்று ஒன்று தேவைதானா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தைத் தள்ளிவிட்டு இன்னொரு மொழி அதே நாற்காலியில் வந்து உட்காரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் இன்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலைகள் பல. அவற்றில் சில இப்போதே கைநழுவத் தொடங்கிவிட்டன, சில நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதனிடமே இருக்கும். மொத்தமாக 'நிற்குமா, விழுமா' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்த வேலை என்று பிரித்துக் கேட்டால் ஓரளவு சொல்லலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஆங்கிலம் ஓரளவாவது தெரிந்தவர்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 40 கோடிதான். தாய்மொழிக் கணக்கில் மாண்டரின் சீனம் 90 கோடியைத் தாண்டுகிறது. ஸ்பானியமும் ஆங்கிலத்தை முந்தி நிற்கிறது. இந்தப் பட்டியலைக் காட்டித்தான் பலர் ஜோசியம் சொல்கிறார்கள். பொதுமொழி விஷயத்தில் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு குறைவு. தாய்மொழி தானாக வந்துவிடுகிறது, யாரும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. பொதுமொழியையோ ஒவ்வொரு தலைமுறையும் பணமும் காலமும் செலவழித்துப் புதிதாகக் கற்க வேண்டும். கற்றால் பலன் உண்டு என்று பெற்றோர் நம்பும்வரை கூட்டம் சேரும். அந்த நம்பிக்கை போனால் ஓரிரு தலைமுறையில் கலைந்துவிடும். ஆங்கிலம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு இப்படிச் சேர்ந்த கூட்டம். ஆகவே அதன் எதிர்காலம் லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவாகாது. ஜகார்த்தா, லாகோஸ், சாவோ பாவ்லோ, ஷாங்காய் போன்ற ஊர்களில், பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் கையில் இருக்கிறது.

பழைய பொதுமொழிகள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பேரரசு விழுந்தவுடன் அதன் மொழியும் விழும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடந்ததில்லை. அகாமனிசியப் பாரசீகப் பேரரசை ஆண்டவர்கள் பாரசீகர்கள். ஆனால் அரசு அலுவல்களுக்கு அவர்கள் பெரிதும் பயன்படுத்தியது அரமேயம் என்ற மேற்காசிய மொழி. அரமேயருக்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு பேரரசு இருந்ததே இல்லை. எழுத எளிது, எழுத்தர்கள் ஏராளம், ஏற்கெனவே வணிகர்களிடம் புழங்கியது என்பதால் அது நிலைத்தது. அலெக்சாந்தர் அந்தப் பேரரசை முடித்துவைத்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அசோகர் இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள கந்தகாரில் ஒரு கல்வெட்டு வைத்தார். 1958இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டில் இரண்டு மொழிகள் இருக்கின்றன: கிரேக்கம், அரமேயம். பேரரசு போயிருந்தது, மொழி வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இதைவிடப் பாடம் நிறைந்தது இந்தியாவில் பாரசீகத்தின் கதை. முகலாயர் காலத்தில் வருவாய்க் கணக்கு, நீதிமன்றம், கடிதப் போக்குவரத்து எல்லாம் பாரசீகத்தில் நடந்தன. வீட்டில் பாரசீகம் பேசியவர்கள் மிகச் சிலர்தான். காயஸ்தர், கத்ரி போன்ற எழுத்தர் குடும்பங்கள் அதை வேலைக்காகக் கற்றன, தலைமுறை தலைமுறையாகக் கற்றன. 1757இல் பிளாசிப் போர் நடந்தது, 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அப்போதும் மொழி மாறவில்லை. ஆங்கிலேயர்களே உட்கார்ந்து பாரசீகம் படித்தார்கள். நீதிமன்றங்களிலிருந்தும் வருவாய்த் துறையிலிருந்தும் பாரசீகத்தை நீக்கும் சட்டம் 1837இல்தான் வந்தது. அதாவது ஆட்சி போய் எண்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த மொழி, வேலை போனதும் இரண்டு தலைமுறைக்குள் கரைந்துவிட்டது. கவிஞர் மிர்சா காலிப் 1797இல் பிறந்து 1869இல் இறந்தவர். அந்தச் சட்டம் வந்தது அவர் வாழ்நாளுக்குள்தான். தன் பாரசீகக் கவிதைகளைத்தான் அவர் உயர்வாக நினைத்தார். இன்று அவரைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் படிப்பது உருதுக் கவிதைகளை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அதிகாரம் இடம் மாறினாலும் மொழி நெடுநாள் நிற்கும். வேலைவாய்ப்பு இடம் மாறினால் நிற்காது. அமெரிக்காவின் செல்வாக்கு குறைகிறதா என்பதை வைத்து ஆங்கிலத்தின் ஆயுளைக் கணிக்கிறவர்கள் 1757ஐப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது 1837ஐ.

அறிவியலில் ஜெர்மன் விழுந்த விதம் வேறு மாதிரி. 1900 வாக்கில் வேதியியலோ மருத்துவமோ தீவிரமாகப் படிக்க விரும்பியவர் ஜெர்மன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அமெரிக்கராக இருந்தாலும் சரி. ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைகள் ஜெர்மனில் வந்தவை. அப்புறம் முதல் உலகப் போர். போர் முடிந்ததும் வென்ற நாடுகள் 1919இல் உருவாக்கிய சர்வதேச ஆராய்ச்சி அமைப்பில் ஜெர்மானியரையும் ஆஸ்திரியரையும் சேர்க்கவில்லை. 1926 வரை அந்த விலக்கு நீடித்தது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பள்ளிகளில் அயல்மொழி கற்பிப்பதையே தடுத்தன. நெப்ராஸ்கா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1923இல் ரத்து செய்தது. அதற்குள் ஜெர்மன் படிக்காத ஒரு தலைமுறை அமெரிக்க ஆய்வகங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. 1933இல் நாஜிகள் யூத ஆய்வாளர்களைப் பதவியிலிருந்து துரத்தியபோது மிச்சமும் போனது. துரத்தப்பட்டவர்கள் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்கள்.

ஜெர்மனை எந்த மொழியும் போட்டியிட்டு வெல்லவில்லை. அரசியல்தான் அதைத் தன் கையாலேயே கெடுத்தது. அறிவியலில் ஆங்கிலம் இறங்கினாலும் இதே வழியில் இறங்கும் என்பது என் ஊகம். அமெரிக்கா அயல்நாட்டு மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கதவை அடைத்து, ஆய்வு நிதியையும் வெட்டிக்கொண்டே போனால், இருபது முப்பது ஆண்டுகளில் அதன் விளைவு மொழியிலும் தெரியும். சீனம் எவ்வளவு கடினம், ஆங்கிலம் எவ்வளவு எளிது என்ற பேச்சுக்கெல்லாம் இதில் இடமே இல்லை.

சரி, சீனம். இதைப் பற்றி நீளமாகப் பேச அவசியமில்லை, ஏனென்றால் சீனாவே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு, சீனாவின் முன்முயற்சியில், 2016இல் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி செயல்படத் தொடங்கியது. உலக வங்கிக்குப் போட்டி என்று அதைப் பற்றி அப்போது நிறைய எழுதினார்கள். அந்த வங்கியின் அலுவல் மொழி ஆங்கிலம். அதன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. பிரிக்ஸ் நாடுகள் ஷாங்காயில் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியும் அப்படியே. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பு 2007இல் கையெழுத்திட்ட சாசனத்தில் ஒரே பணிமொழியாக ஆங்கிலத்தை வைத்தது. எதிர் உதாரணமும் உண்டு: ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மொழிகள் ரஷ்யனும் சீனமும். ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் ஈரானும் உள்ளே வந்த பிறகு அந்த அமைப்பின் காகிதத்தில் உள்ள மொழிக்கும் காபி நேரத்தில் பேசப்படும் மொழிக்கும் இடைவெளி வராமல் இருக்காது.

ஐரோப்பாவைப் பாருங்கள். பிரிட்டன் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. மிச்சம் இருக்கும் நாடுகளில் அயர்லாந்து தன் மொழியாகப் பதிவு செய்திருப்பது ஐரிஷை, மால்டா பதிவு செய்திருப்பது மால்டீஸை. 'மெதுவாக, ஆனால் நிச்சயமாக ஆங்கிலம் ஐரோப்பாவில் முக்கியத்துவம் இழக்கிறது' என்ற பொருளில் 2017இல் ஃபுளோரன்ஸ் நகரில் பேசிய அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் ழான் கிளோத் யுங்கர் கைதட்டல் வாங்கினார். நடந்தது நேர்மாறு. பிரிட்டன் போனதும் ஆங்கிலம் அங்கே பெரிய நாடு எதற்கும் சொந்தமில்லாத மொழியாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் ஜெர்மனுக்கு இறங்கிவர வேண்டாம், ஜெர்மானியர் பிரெஞ்சுக்கு இறங்கிவர வேண்டாம். சொந்தக்காரர் இல்லாத வீடு எல்லோருக்கும் வசதி.

ஆப்பிரிக்காவிலும் இதே தர்க்கம் வேலை செய்கிறது. ருவாண்டா 2008இல் பள்ளிக் கல்வியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. அல்ஜீரியா 2022இல் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. மாலி 2023இல் பிரெஞ்சின் அதிகார மொழித் தகுதியை நீக்கியது. பிரான்ஸிடமிருந்து விலக விரும்பும் நாட்டுக்கு ஆங்கிலம் ஆட்சியாளரின் நினைவைக் கிளறாத மொழி. பிரிட்டன் ஆண்ட நாடுகளில் அந்த வசதி இல்லை, அங்கே ஆங்கிலம் குறித்த மனநிலை வேறு. அதோடு வட்டார மொழிகளும் மேலே வருகின்றன: 2022இல் ஆப்பிரிக்க ஒன்றியம் சுவாஹிலியைத் தன் பணிமொழிகளில் ஒன்றாக ஏற்றது.

சீனா விஷயத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறி வேறு இடத்தில் இருக்கிறது. 2001இல் சீனா மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று அறிவித்தது. 2021இல் ஷாங்காய் நகரம் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கான இறுதித் தேர்வை நிறுத்தியது. அதே ஆண்டு தனியார் டியூஷன் தொழில் மீது நாடு முழுவதும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. அந்தத் தொழிலில் ஆங்கில வகுப்புகளுக்கும் முக்கிய இடம் இருந்தது. சீனம் வெளியே பரவுவது பெரிய செய்தி இல்லை. சீனாவுக்கு உள்ளே ஆங்கிலம் இல்லாமலே நல்ல வேலை, நல்ல சம்பளம், நல்ல ஆராய்ச்சி சாத்தியமாவதுதான் செய்தி. போதுமான அளவு பெரிய உள்நாட்டுச் சந்தை உள்ள எந்த நாடும் ஒரு கட்டத்தில் இப்படி யோசிக்கும்.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: இயந்திர மொழிபெயர்ப்பு. 2016 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்பை நரம்பு வலையமைப்பு முறைக்கு மாற்றியபோது தரம் கண்கூடாக ஏறியது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்புதான் இன்றைய உரையாடல் செயலிகள் பெரும்பாலானவற்றுக்கும் அடித்தளம். அதை அவர்கள் முதலில் சோதித்துக் காட்டியது ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் மொழிபெயர்த்து. இன்று உலகமே பேசும் செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்புப் பிரச்சினையிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தக் கருவிகள் ஆங்கிலத்திடமிருந்து முதலில் பறிக்கும் வேலை, படித்துப் புரிந்துகொள்வது. ஒரு இயந்திரத்தின் கையேடு, வெளிநாட்டுச் செய்தி, வாடிக்கையாளர் புகார், அலுவலக மின்னஞ்சல், ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை: இவற்றுக்காக ஆங்கிலம் கற்க வேண்டிய தேவை ஏற்கெனவே குறைந்துவிட்டது. ஜப்பானின் ராகுடென் நிறுவனம் 2010இல் அறிவித்து 2012இல் முழுமையாக அமலாக்கிய ஒரு முடிவு அப்போது பெரும் பேச்சானது: தலைமையகம் டோக்கியோவில், ஊழியர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர், ஆனால் அலுவலக மொழி ஆங்கிலம். ஊழியர்கள் தேர்வெழுதித் தகுதி காட்ட வேண்டியிருந்தது. அதே நிலையில் உள்ள ஒரு நிறுவனம் இன்று அந்தச் செலவையும் மனக்கசப்பையும் ஏற்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பேச்சு அவ்வளவு எளிதாகப் போகாது. இதற்கு ஒரு காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழ், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்திலும் சீனத்திலும் அது எழுவாயை ஒட்டி முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆகவே தமிழில் பேசுவதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்ல முயலும் கருவி, வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊகிக்க வேண்டும். ஏற்றாரா மறுத்தாரா என்பதே கடைசி அசையில்தான் தெரியும். இந்தத் தாமதத்தைத் தொழில்நுட்பம் எவ்வளவு வேகமானாலும் முழுதாக நீக்க முடியாது, பேசுகிறவர் இன்னும் சொல்லி முடிக்கவே இல்லையே. சொற்பொழிவுக்கு இது பாதகமில்லை. ஐந்து பேர் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுப் பேசும் கூட்டத்தில், பேரம் நடக்கும் இடத்தில், கிண்டலும் கோபமும் கலந்த உரையாடலில், இரண்டு மூன்று நொடித் தாமதமே ஒருவரை வெளியாள் ஆக்கிவிடும்.

நொடிக்கு உயிர் விலையாக உள்ள இடங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கசாக் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசாக் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம்; அந்தக் குழுவினரின் ஆங்கிலப் போதாமையும் விசாரணையில் வந்தது. அதன் பிறகுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தகுதி விதிகளைக் கொண்டுவந்தது. 2008இல் அவை நடைமுறைக்கு வந்தன. கப்பல்களுக்கும் 2001இல் தரப்படுத்தப்பட்ட ஆங்கிலத் தொடர்கள் ஏற்கப்பட்டன. இந்த மாதிரி ஆங்கிலம் சில நூறு சொற்களும் இறுகிய வாக்கியங்களும் கொண்ட ஒரு கருவி. பொதுப் பேச்சில் ஆங்கிலம் மங்கினாலும் வானத்திலும் கடலிலும் இது நூற்றாண்டு தாண்டி நிற்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். பிரெஞ்சு மறைந்த பல இடங்களில் இன்றும் அஞ்சல் துறை ஆவணங்களில் பிரெஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

கருவி எளிதில் பறிக்கும் வேலைக்கும் பறிக்க முடியாத வேலைக்கும் நடுவில் நிற்கிறது ஆராய்ச்சி. இயற்கை அறிவியல் ஆய்விதழ்க் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. இதற்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை சாதாரணமில்லை. எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மொழிக் குறைக்காகக் கட்டுரை திருப்பி அனுப்பப்படுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இந்த அநியாயத்தைக் கருவிகள் பெருமளவு சரிசெய்யும், செய்தும் வருகின்றன. ஆனால் கவனியுங்கள்: கருவி வந்ததும் அவர்கள் ஆங்கிலத்தை விட்டுவிடவில்லை. தாய்மொழியில் யோசித்து, கருவி மூலம் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் அனுப்புகிறார்கள். எழுதுகிறவருக்கு ஆங்கிலம் குறைகிறது, வெளியாகும் ஆங்கிலமோ கூடுகிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படும் எதிர்காலம் ஒன்று தெரிகிறது. 2020இல் வெளியான ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிக்குப் பயிற்சியாகக் கொடுத்த எழுத்தில் சொற்கணக்கில் சுமார் 93 சதவீதம் ஆங்கிலம். 2023இல் வந்த லாமா 2 மாதிரிக்கு ஏறத்தாழ 90 சதவீதம். இணையதளங்களின் மொழியைக் கணக்கெடுத்தால் பாதிக்குப் பாதி ஆங்கிலம் இருக்கிறது. அந்தப் பாதி, மாதிரிக்குள் போகும்போது இப்படிப் பெருத்துவிடுகிறது. மொழிபெயர்ப்புக் கருவிகளிலும் நெடுங்காலம் இரண்டு சிறிய மொழிகளுக்கு இடையே நேர்வழி இருந்ததில்லை, ஆங்கிலம் வழியாகச் சுற்றித்தான் போனது. எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கி இயந்திரம் எண்ணும் முறையிலும் லத்தீன் எழுத்துக்குச் சலுகை. ஒரே செய்தியைத் தமிழில் சொன்னால் பல மாதிரிகளில் கூடுதல் துண்டுகள் ஆகின்றன, கூடுதல் துண்டு என்றால் கூடுதல் கட்டணம். நிலைமை மாறி வருகிறது, ஆனால் சமமாகிவிடவில்லை.

விளைவு என்ன? ஒருவர் தன் மொழியில் கேட்டுத் தன் மொழியில் பதில் பெறுவார். ஆங்கிலத்தைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். ஆனால் அந்தப் பதிலின் உதாரணங்கள், சட்டம் பற்றிய அனுமானங்கள், எது இயல்பு எது விசித்திரம் என்ற தீர்ப்பு எல்லாம் ஆங்கில எழுத்திலிருந்து வந்தவையாக இருக்கும். ஆங்கிலம் மேடையிலிருந்து இறங்கித் திரைக்குப் பின்னால் போய் வசனம் எடுத்துக்கொடுக்கும். ஆங்கில ஆதிக்கத்தை எதிர்க்கிறவர்கள் மேடை காலியானதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஆங்கிலம் அறிந்தவருக்கு ஒரு புதிய சாதகமும் கிடைக்கிறது: அவர் மூலத்தைத் திறந்து, கருவி சொன்னது சரியா என்று பார்க்க முடியும். அறியாதவர் நம்பித்தான் ஆக வேண்டும். பேசத் தெரிவதன் மதிப்பு குறைந்து, கூர்ந்து படித்துச் சரிபார்க்கத் தெரிவதன் மதிப்பு ஏறும் என்று நினைக்கிறேன். மொழிப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்னும் பல இடங்களில் சரளமாகப் பேசவைப்பதே குறியாக இருக்கிறது.

லத்தீன் பல மொழிகளாகப் பிரிந்ததுபோல ஆங்கிலமும் உடைந்து போகுமா என்ற துணைக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஹென்றி ஸ்வீட் என்ற பெரிய ஒலியியல் அறிஞர் 1877இலேயே சொன்னார்: ஒரு நூற்றாண்டுக்குள் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றுக்கொன்று புரியாத மொழிகளைப் பேசும் என்று. நடக்கவில்லை. ஒலிப்பதிவும் வானொலியும் சினிமாவும் வரும் என்று அவரால் கணிக்க முடியவில்லை. லத்தீனில் அந்தப் பிளவு எவ்வளவு முற்றியிருந்தது என்றால், கிபி 813இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மாநாடு, மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பிரசங்கத்தை நாட்டுப்புற ரோமானியப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ செய்யும்படி உத்தரவிட்டது. எழுதும் லத்தீன் அதன் பிறகும் ஆயிரம் ஆண்டுகள் அறிஞர் மொழியாக நீடித்தது. நியூட்டன் 1687இல் தன் பெரும் நூலை லத்தீனில்தான் எழுதினார், 1704இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கலாம் என்பதற்கு இது சாட்சி. ஆங்கிலத்திலும் பேச்சு வடிவங்கள் கிளைக்கின்றன: நைஜீரியாவின் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில் 2017 முதல் பிபிசி சேவை நடக்கிறது, சிங்கப்பூர் அரசு 2000ஆம் ஆண்டு முதல் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று பிரசாரம் செய்தும் மக்கள் தங்கள் ஆங்கிலத்தை விடவில்லை. எழுத்து ஆங்கிலம் மட்டும் ஆச்சரியமான அளவுக்கு ஒன்றாகவே இருக்கிறது. திருத்தும் கருவிகள் அதை இன்னும் ஒரே அச்சில் வார்க்கின்றன, சற்று சலிப்பூட்டும் அளவுக்கு.

சர்வதேசக் கூட்டங்களில் வேடிக்கையான ஒன்று நடப்பதுண்டு. கொரியரும் பிரேசிலியரும் துருக்கியரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது சிக்கல் இருக்காது. அங்கே ஓர் ஆங்கிலேயர் வந்து, வேகமாக, கிரிக்கெட் உவமையோடு, பாதியை விழுங்கிப் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் முழிப்பார்கள். உலக ஆங்கிலத்தில் இப்போது பயிற்சி தேவைப்படுவது தாய்மொழியாளர்களுக்குத்தான்.

கடைசியாக, ஆங்கிலம் பார்க்கும் ஒரு வேலையைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அது சல்லடை வேலை. பல நாடுகளில் வேலைக்கு ஆங்கிலம் கேட்கிறார்கள், அந்த வேலையில் ஆங்கிலம் பேச வேண்டியிருப்பதால் அல்ல. நல்ல பள்ளி, வசதியான குடும்பம், ஒருவிதப் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் வடிகட்ட அது உதவுகிறது. இதில் தகவல் பரிமாற்றமே இல்லை என்பதால் மொழிபெயர்ப்புக் கருவி இந்த வேலையைப் பறிக்க முடியாது. கருவி எல்லோர் கையிலும் வந்த பிறகு, கருவி இல்லாமல் நேரில் பேசத் தெரிந்தவர் என்பதே கூடுதல் கௌரவமாகவும் ஆகலாம். அதனால், தேவை குறைந்த பிறகும் ஆங்கில மோகம் குறையாமல் சில பத்தாண்டுகள் ஓடும் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்தச் சல்லடை எப்போது மாறும் என்பதற்கு மட்டும் ஓர் அடையாளம் உண்டு. பழைய மொழியில் கைதேர்ந்தவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள். ராஜா ராம்மோகன் ராய் 1822இல் பாரசீக மொழியில் வாரப் பத்திரிகை நடத்தினார். 1823இல் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கணிதம், வேதியியல், உடற்கூறியல் போன்ற ஐரோப்பியப் படிப்புகளைக் கற்பிக்கும்படி கேட்டார். பாரசீகத்தை நீக்கும் சட்டம் வருவதற்கு அப்போது இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. இன்றைய நிலையில் பார்த்தால் பெய்ஜிங், ரியாத், நைரோபி, பாரிஸ் என எல்லா ஊர்களிலும் வசதி படைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத்தான் முயல்கிறார்கள். நெதர்லாந்து தன் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளில் ஆங்கிலத்தைக் குறைக்க முயன்றதும், கனடாவின் கியூபெக் மாகாணம் 2022இல் பிரெஞ்சுக்கான சட்டத்தை இறுக்கியதும் கவனிக்கத்தக்கவை. ஆனால் அவை தற்காப்பு முயற்சிகள். மேல்தட்டு தன் பிள்ளைகளை வேறொரு மொழிக்கு மாற்றும் அறிகுறி ஒரு நாட்டிலும் இதுவரை தெரியவில்லை.